இடைவேளைக்குப் பின் என் தம்பி

பிப்ரவரி 1, திங்கள்

பனி குறைவு. எட்டு மணிக்கே எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரிந்தது. ரஜாய்ப் போர்வை இரண்டையும் வெயிலில் போட வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும். இவர் போபாலில். ஆடிட் முடிந்து பதினைந்தாம் தேதிதான் வருவார். அதுவரை வீட்டில் நானும் மகள் பிரியாவும்தான்.

காலையில் துரையிடமிருந்து போன், மெட்ராஸிலிருந்து.

"எக்கா, நாளைக்கழிச்சு வாரேன். எங்கூட மூணு பேரு. உன் வீட்டுலதான் தங்கப்போறோம்."

ஒரே தம்பி. அதுவும் சினிமா நடிகன். "ஷூட்டிங்கா?" என்று கேட்டேன். இல்லையாம். சனிக்கிழமை இங்கே டெல்லியில் ஒரு காலேஜ் விழாவில் அவனுடைய பாண்டு வாசிக்கிறதாம். ராக் பாட்டு, இங்கிலீஷில். எல்லாம் இவனே எழுதியது. பாண்டுக்குப் பெயர் 'ஆஃப்டர் இன்டர்வெல்'. பதினாறு படம் நடித்திருக்கிறான். அதில் பதிமூன்றில் இடைவேளைக்கு முன்னாலேயே செத்துவிடுவான். கதாநாயகனுக்கு உயிர்த்தோழன் என்றால் வேறு வேலை கிடையாது. இடைவேளைக்கு அப்புறம் சும்மா இருக்க முடியாமல் பாடுகிறேன் என்று அவனே சொல்வான்.

ஒரு கண்டிப்பான உத்தரவு. "ஒருத்தருட்டயும் சொல்லிராத. உனக்கும் பிரியாவுக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்." சாணக்யபுரியில் கெஸ்ட் ஹவுஸ் ரூம் கிடைக்குமாம், வேண்டாம் என்றுவிட்டான். அங்கே கேட் முதல் கிச்சன் வரை நம் தமிழ் ஆட்கள், முதல் நாளே தெரிந்துவிடும். காரணம் வந்து சொல்கிறானாம்.

சொல்ல மாட்டேன் என்றேன். நான் என்ன ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கிறவளா?

பிப்ரவரி 2, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

லஞ்ச் நேரம். லோதி ரோடு ஆபீஸ் புல்வெளியில் நல்ல வெயில். செக்‌ஷன் பெண்கள் எல்லாரும் வெளியே. அலமேலு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு, நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டு. "என்னடி, இன்னிக்கு முகமே ஒரு மாதிரி ஜொலிக்கறது?" என்று கேட்டாள். அப்படிக் கேட்டால் ஒரு மனுஷி என்ன செய்வாள்?

"சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டி" என்று பின்னல் ஊசியை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் வைத்தி சார்தான் எங்கள் காலனித் தமிழ் மன்றத்தின் செயலாளர். அது எனக்கு மறந்துபோகவில்லை. மறந்த மாதிரி இருந்தேன்.

வாங்க வேண்டியது: இட்லி அரிசி 3 கி. (ஐ.என்.ஏ. மார்க்கெட்), நல்லெண்ணெய், கருவேப்பிலை, பிரியாவுக்குக் கெமிஸ்ட்ரி ரெகார்டு நோட்டு, ஊதுபத்தி.

பிப்ரவரி 3, புதன்

ரயில் நாலு மணி நேரம் லேட். ஆக்ராவில் பனி என்றார்கள். ஆபீஸுக்கு அரை நாள் சி.எல். போச்சு.

துரை இளைத்திருக்கிறான். முடியை வளர்த்துப் பின்னால் ரப்பர் பாண்டு போட்டிருக்கிறான், என் பள்ளிக்கூட நாட்களில் நான் போட்ட மாதிரி. கூட வந்தவர்கள்: டிரம்ஸ் பாபு (பேங்க் கேஷியர், நல்ல உடம்பு, சிரித்த முகம்), கிடார் டாக்டர் (பல் டாக்டர், வந்ததும் பிரியாவின் பல்லைப் பார்த்தார்), பேஸ் கிடார்காரர் (இதுவரை பேசவில்லை. சாம்பாருக்கு மட்டும் தலையாட்டினார்).

ஸ்டேஷனில் ஒரு ஆள் கூட துரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூலி பார்த்தார், பெட்டியை. துரைக்கு அதில் என்ன ஒரு சந்தோஷம்! மெட்ராஸில் டீக்கடையில் நின்று டீ குடிக்க முடியாதாம், 'அண்ணே, ஒரு தடவ செத்துக் காட்டுங்க' என்பார்களாம். சாயங்காலம் சரோஜினி நகர் மார்க்கெட்டில் குவியலைக் கிளறி ஒரு கறுப்பு ஜாக்கெட் எடுத்தான். ஒரு பொத்தான் இல்லை. கடைக்காரனோடு அரை மணி நேரம் "பையா, டீக் டீக் லகாவோ" என்று விலை பேசி இழுத்துக்கொண்டு நின்றான். மூஞ்சி தெரியாதவனாக நிற்பதற்கே நின்றான் என்று நினைக்கிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பிராக்டீஸ். இரண்டு ரூம் குவார்ட்டர்ஸில் டிரம்ஸ் எங்கே வைப்பது? பாபு என் தலையணை, அரிசி டின், பிரஷர் குக்கர் மூடி மூன்றையும் வைத்துக்கொண்டு அடித்தார். மாடி வீட்டு சட்டா ஆன்ட்டி இறங்கி வந்து கதவைத் தட்டினாள். "பஹன்ஜி, சப் டீக் தோ ஹை?" எல்லாம் நலம்தானா என்று கவலையாகவே கேட்டாள். நலம் என்றேன்.

"எப்பிடிக்கா?" என்றான் துரை, பாட்டு முடிந்ததும்.

"நல்லாருக்கு."

எனக்கு உண்மையில் அது நல்லதா கெட்டதா என்று ஒன்றும் புரியவில்லை. சத்தமாக இருந்தது. ஆனால் துரை செய்த எதற்கும் நான் வேறு பதில் சொன்னதே இல்லை. மூன்று வயதில் சுவரில் கரியால் யானை வரைந்தபோதும் இதையேதான் சொன்னேன். அதற்கு ஐந்து கால்.

பிப்ரவரி 4, வியாழன்

மோசமான நாள். என் வாயால் வந்தது.

ஆறு மணிக்கு வாசலில் வைத்தி சார். மஃப்ளர், கையில் பை, பைக்குள் பொன்னாடை. பின்னால் அலமேலு, என்னைப் பார்க்காமல் கதவு நம்பரைப் பார்த்துக்கொண்டு.

"ஏம்மா, நம்ம பிள்ளை ஒருத்தன் டெல்லிக்கு வந்து பாடறான், நாம ஆத்துல சும்மா உக்காந்துண்டிருக்கறதா? பதினெட்டு பேர் பேர் குடுத்திருக்கா. மேடையிலேயே பொன்னாடை போத்திடறோம். நான் ஒரு அஞ்சு நிமிஷம் தம்பியோட கலைப்பணி பத்திப் பேசறேன். அப்புறம் அந்த ஆஸ்பத்திரி சீன், நீங்க சாகறேளே, அந்த டயலாக்கை மட்டும் ஒரு தடவை சொல்லிட்டேள்னா..."

துரை எழுந்து கும்பிட்டான், காபி கொடுத்தான், "பாக்கலாம் சார்" என்றான். நடிகன் அல்லவா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் போனதும் சமையலறைக்கு வந்து கீழே உட்கார்ந்துவிட்டான்.

"நம்பித்தானக்கா வந்தேன்."

அதற்குப் பதில் கத்தியிருக்கலாம். கத்தினால் நானும் கத்தியிருப்பேன்.

அப்புறம்தான் சொன்னான். "மெட்ராஸ்ல மேடையேறினாலே கை தட்டுதாவ. வாயே தொறக்கல, விசில் அடிக்காவ. ரெண்டாவது பாட்டுல 'செத்துக் காட்டு'ங்காவ. எம் பாட்டு நல்லாருக்கா, நாசமா இருக்கான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுக்கா. எல்லாம் மூஞ்சிக்கு. இங்கன என் மூஞ்சி ஒருத்தனுக்கும் தெரியாது. இங்கன தட்டினா அது பாட்டுக்குத்தான்."

"தட்டலன்னா?"

தட்டவில்லை என்றால், திங்கட்கிழமை ஒரு டிவி சீரியலுக்குச் சரி சொல்லிவிடுவானாம். மூன்று வருஷம், ஞாயிறுதோறும் ஷூட்டிங். ஞாயிறு ஒன்றுதான் நாலு பேரும் சேர்ந்து வாசிக்கிற நாள். பாபுவுக்கு பேங்க், டாக்டருக்கு கிளினிக். ஞாயிறு போனால் பாண்டு போச்சு. திங்கள் சாயங்காலத்துக்குள் போனில் பதில் சொல்ல வேண்டும்.

"முப்பத்தெட்டு வயசாச்சு. எனக்கு நானே தலையாட்டிக்கிட்டு எத்தன நாள் ஓட்ட? நல்லா இல்லன்னா விட்டுரணும்லா?"

எனக்கு அழுகை வந்தது. அரிசி களைகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். இவன் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் ஒரு ஆரஞ்சு உரிக்கிற நேரத்தில் கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி 5, வெள்ளி

கேஸ் வரவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் இட்லி.

ஆபீஸ் முடிந்து நேராக அலமேலு வீடு. வைத்தி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சீரியல் விஷயம் உட்பட. வராதீர்கள் என்று கேட்டேன். "அதெப்படிம்மா, பதினெட்டு பேர்ட்ட சொல்லியாச்சே" என்று அவர் முகம் தொங்கிப்போனது. பாவமாக இருந்தது. கடைசியில் ஒப்பந்தம். அவரே மன்றத்து லெட்டர்பேடில் எழுதிக்கொண்டார்:

1. பொன்னாடை கிடையாது.
2. பேச்சு கிடையாது.
3. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. படம் பற்றி மூச்சு விடக் கூடாது.
4. தெரிந்தவர்கள் மாதிரி காட்டிக்கொள்ளவே கூடாது.

"நாலாவதுக்குக் கீழே ரெண்டு கோடு போட்டுக்கோங்க சார்" என்றேன். போட்டுக்கொண்டார்.

துரையிடம் அவர்கள் வரமாட்டார்கள் என்று சொன்னேன். பொய். மங்கி கேப் போட்டு உட்கார்ந்தால் மேடையிலிருந்து யாரைத் தெரியப்போகிறது?

பிப்ரவரி 6, சனி

எங்கிருந்து தொடங்க.

வெயில், காற்று. காலேஜ் மைதானத்தில் மேடை. க்விஸ் போட்டிக்கும் ஃபேஷன் ஷோவுக்கும் நடுவில் இருபத்தைந்து நிமிஷம், மதியம் இரண்டரைக்கு. முன்னால் இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். பிள்ளைகள் பாதிப் பேர் புல்லில், மீதிப் பேர் சமோசா ஸ்டாலில்.

நம் ஆட்கள் ஒன்றரைக்கே வந்து நடு மூன்று வரிசையையும் பிடித்துவிட்டார்கள். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் பிரியாவும் ஓரத்தில்.

முதல் பாட்டு. மைக் கீச்சென்று கத்தியது. யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவதில் புல்லில் இருந்த சில தலைகள் ஆடின. பிரியா எண்ணினாள், பதினொன்று. மூன்றாவது பாட்டுக்கு ஒரு முப்பது பேர் எழுந்து மேடைக்குக் கிட்டே போய்க் குதித்தார்கள்! பாபு பின்னி எடுத்தார். பேஸ்காரர் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். நாலாவது மெதுவான பாட்டு. நீளம். சத்தத்தில் வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. குதித்தவர்கள் எல்லாம் சமோசாவுக்குத் திரும்பிப் போனார்கள். ஐந்தாவதுக்கு மறுபடி ஓடி வந்தார்கள், படிக்கட்டில் இருந்து ஒருத்தன் "ஒன்ஸ் மோர்" என்று கத்தினான்.

இவ்வளவுக்கும் நடு மூன்று வரிசை அசையவில்லை. ஒரு கை எழும்பவில்லை. சால்வைக்குள் கை, மங்கி கேப்புக்குள் தலை. வைத்தி சார் உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே வெறித்துப் பார்க்கிறார். அலமேலு, இந்தக் கச்சேரிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று ஸ்வெட்டர் பின்னுகிறாள். ஐந்து மாதமாக முடியாமல் நின்ற ஸ்வெட்டர் கழுத்து இன்று முடிந்தது.

துரை அந்த மூன்று வரிசையை மட்டும்தான் பார்த்தான். அவர்களை அசைக்க என்னென்னவோ செய்தான். நெஞ்சில் கை வைத்தான், தள்ளாடினான், ஒரு முழங்காலில் விழுந்தான். பதிமூன்று தடவை செத்தவன் அல்லவா, கை தானாகப் போகிறது.

முடிந்து இறங்கியதும் கிராப் வெட்டிய ஒரு மாணவி நேரே வந்தாள். இருபது வயது இருக்கும். ஹிந்தியில்தான் பேசினாள், எனக்குப் புரிகிற ஹிந்திதான். கடைசிப் பாட்டின் கிடார் அவளுக்கு ரொம்பப் பிடித்ததாம். அப்புறம்: "பர் அங்கிள், இத்னி ஆக்டிங் க்யூன் கர்தே ஹோ? பஸ் காவோ நா." எதற்கு இவ்வளவு நடிப்பு, சும்மா பாடுங்களேன் என்கிறாள்! எங்கள் துரையிடம்! "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்றும் கேட்டாள்.

என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பதினாறு படம் அம்மா, பதினாறு படம். பிரியா என் கையைக் கிள்ளினாள்.

"வேலை தேடிக்கிட்டு இருக்கேன்" என்றான் துரை, தப்புத் தப்பான ஹிந்தியில்.

வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். "நடுவுல ஒரு கூட்டம் உக்காந்திருந்துச்சே, பாத்தியாக்கா? சாவு வீட்டுல இருக்க மாதிரி. ஓரத்துல நாலு பிள்ளைய குதிச்சா ஆச்சா?"

சொல்லிவிட்டேன். அது யார், ஏன் அப்படி இருந்தார்கள், லெட்டர்பேடு, இரண்டு கோடு எல்லாம்.

என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் தொடங்கினான் ஒரு சிரிப்பு. அரிசி டின் மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர. பாபுவும் டாக்டரும் சேர்ந்துகொண்டார்கள். சட்டா ஆன்ட்டி மறுபடி இறங்கி வந்தாள்.

சிரித்து முடித்து, "அவுகள விடு. உனக்கு எப்பிடி இருந்துச்சு?" என்றான்.

"நல்லாருந்துச்சு."

"நீ அப்படித்தான் சொல்லுவ" என்று போய்ப் படுத்துக்கொண்டான்.

பிப்ரவரி 7, ஞாயிறு

வெயில். ரஜாய் காய்ந்தது. கேஸ் வந்தது, அப்பாடா.

காலையில் ஹாலில் விசித்திரம். துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க, பிரியா தன் துப்பட்டாவால் முடிச்சுப் போடுகிறாள். "மாமா, ஹாத் மத் ஹிலாவோ. கை ஆட்டக் கூடாது" என்கிறாள். ஆக்டிங் இல்லாமல் பாடிப் பார்க்கிறானாம். முதலில் மூச்சே வரவில்லை. அப்புறம் வந்தது. நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டு கேட்டேன். பார்க்காமல் கேட்டேன் என்பதுதான் விஷயம். இத்தனை நாளும் நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். என் தம்பி, அழகாக இருக்கிறான், இளைத்திருக்கிறான், சாப்பிட்டானா. இதற்குள் பாட்டு எங்கே காதில் விழும்?

நாலு மணிக்குப் பதினெட்டு பேரும் வந்துவிட்டார்கள். உட்கார இடம் இல்லை, கட்டிலில், மாடிப்படியில், பால்கனியில். வைத்தி சார் துரைக்குப் பொன்னாடை போர்த்தி, "சார், நேத்திக்குக் கை தட்டாம வச்சதெல்லாம் அரியர்ஸ். இப்ப மொத்தமா வாங்கிக்கோங்கோ" என்றார். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள், தட்டினார்கள், விடவே இல்லை. ஒரு மாமா அழுதுவிட்டார். நேற்று அந்த மூன்றாவது பாட்டுக்குத் தட்டாமல் இருக்கத் தன் கை மேலேயே உட்கார்ந்திருந்தாராம்.

எண்பது பஜ்ஜி போட்டேன். ஆஸ்பத்திரி சீனும் நடந்தது. துரை நன்றாகவே செத்தான்.

அவர்கள் போன பிறகு பொன்னாடையை மடித்துக்கொண்டே சொன்னான், "நல்ல மனுசங்கக்கா. ஆனா பாத்தியா, இதும் மூஞ்சிக்குத்தான்."

பிப்ரவரி 8, திங்கள்

லீவு. புளியோதரை, தயிர்சாதம், பேஸ்காரருக்கு ஒரு டப்பா சாம்பார் (ரயிலில் கொட்டப்போகிறது, சொன்னால் கேட்கவில்லை). ஆட்டோ இரண்டு, ஆறு மணிக்கு.

ஐந்து மணிக்கு துரை போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையில் சீரியல்காரர் நம்பர். சுழற்றவில்லை.

"கடைசியா கேக்கேன். நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிராத."

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒரு ஃபைலில் நோட் போடுவதற்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை.

"முத பாட்டுக்கு என்ன சொல்லன்னு தெரியல, மைக்குதான் கேட்டுச்சு. ரெண்டாவதும் மூணாவதும் நல்லாருக்கு. மூணாவதுக்குக் குதிச்ச பிள்ளைய யாரும் உன்னைத் தெரிஞ்சு குதிக்கல. கடைசி ரொம்ப நல்லாருக்கு. நேத்து கையைக் கட்டிக்கிட்டுப் பாடுனல்லா, அப்பதான் எனக்கே கேட்டுச்சு. அப்பிடிப் பாடு."

"நாலாவது?"

"அது நல்லா இல்ல துரை. இழுவை. எடுத்துரு."

நம்பர் எழுதிய காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினான்.

"அது உன்னைப் பத்தி எழுதுனதுக்கா."

உள்ளே பாபு பெட்டியை மூட முடியாமல் அதன் மேல் ஏறி உட்காரும் சத்தம்.

"இருந்தாலும் நல்லா இல்ல" என்றேன். "எடுத்துரு. மத்தத விட்ராத. ஞாயித்துக்கிழமைய எவனுக்கும் குடுக்காத."

அப்படியே எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். இந்த வயதில். சட்டை முழுக்க இன்னும் நேற்றைய பஜ்ஜி வாசனை. ஒரு நிமிஷம் அப்படியே இருந்தான், பிறகு போனைச் சுழற்றினான். "சார், மன்னிச்சுக்கோங்க, ஞாயித்துக்கிழமை எனக்கு முடியாது" என்று மெட்ராஸ் தமிழில் சொன்னான். ஐந்தே வார்த்தையில் மூன்று வருஷம் முடிந்தது. பாபு உள்ளே விசில் அடித்தார்.

ஆட்டோவில் ஏறியதும் தலையை வெளியே நீட்டி, "எடுத்துருதேன்க்கா, சத்தியமா" என்று கத்தினான். எதிர் பிளாக்கில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது மணி எட்டு. பிரியா கெமிஸ்ட்ரி படிக்கிறாள். அரிசி டின்னில் நாலு இடத்தில் நெளிவு. தலையணை ஒன்று தேறாது.

என்னைப் பற்றி ஒரு பாட்டு இருந்திருக்கிறது. முதலில் காதில் விழவில்லை, விழுந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதான், இழுவைதான். ஆனால் அதில் என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தான் என்று அந்த ஒரு மணி நேரத்தில் கேட்கத் தோன்றவே இல்லை எனக்கு.